அடுப்பு, ஹோத்தன், மடாலயம்: கல்மிக் மரபின் தொடர்ச்சியும் அறுபடலும்

மேற்கு மங்கோலியரான ஒய்ராத்துகளில் தோர்குத் பிரிவினர் ஹோ ஓர்லோக்கின் தலைமையில் ஜுங்காரியாவிலிருந்து மேற்கே நகர்ந்து, 1630-களில் வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளில் நிலைகொண்டனர். பின்னாளில் கல்மிக்குகள் எனப்பட்ட இம்மக்கள், ஐரோப்பிய மண்ணில் பௌத்தத்தை மரபுச் சமயமாகக் கொண்டவர்கள். அவர்களை மேலும் இரு பெயர்ச்சிகள் உலுக்கின: 1771-இல் பெரும்பகுதியினர் ஜுங்காரியாவுக்குத் திரும்பியது, 1943-இல் சோவியத் அரசு இனம் முழுவதையும் சைபீரியாவுக்குக் கடத்தியது. இரண்டிலும் உயிர்கள் பெருமளவில் மடிந்தன. எனினும் மரபின் மீது இரண்டும் ஏற்படுத்திய விளைவு வெவ்வேறு. ஒவ்வொரு மரபுக்கூறும் நிலைக்க எந்த அளவிலான சமூக அலகு வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால்தான் இவ்வேறுபாடு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அத்தகைய அலகுகள் மூன்று. முதலாவது அடுப்பு, அதாவது தனிக்குடும்பம். பாலும் வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய தேநீரில் முதற்பங்கை வீட்டுப் புத்தர் திருவுருவுக்குப் படைப்பதும், குளிர்கால ஸுல் பண்டிகையன்று விளக்கேற்றி வீட்டார் அனைவரும் ஒரு வயது கூடியதாகக் கொள்வதும் இதற்குள் அடங்கும். இரண்டாவது ஹோத்தன்: உறவுக் குடும்பங்கள் அருகருகே கூடாரமிட்டு, சேர்ந்தே மந்தை மேய்த்த குழு. அன்றாட மொழியும் பாட்டும் வாழ்த்துரையும் இங்கே புழங்கின. ஜாங்கர் காப்பியம் பாடும் ஜாங்கர்ச்சிக்குக் கேட்போர் கிடைத்ததும் இங்கேதான். 1908-இல் ஏல்யான் ஓவ்லா பாட, நோம்தோ ஓச்சிரோவ் எழுதிக்கொண்ட பத்துப் படலங்களுக்குப் பின்னே இத்தகைய அவைகளின் நெடிய வரிசை இருந்தது. மூன்றாவது உலுஸ் என்ற பெரும் ஆட்சிப்பிரிவும் மடாலயமும். 1640-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, துறவி சயா பண்டிதர் ஒய்ராத் மொழிக்காக 1648-இல் வகுத்த தெளிவெழுத்து, துறவியர் கல்வி ஆகியவை இவ்வலகைச் சார்ந்தவை.

1771 ஜனவரியில் கல்மிக் ஆட்சியாளர் உபாஷி கானின் பின்னே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கே புறப்பட்டனர். வோல்கா உறையாததால் மேற்குக் கரையிலிருந்தோர் உடன்செல்ல இயலவில்லை. குளிரும் பசியும் கசாக்கியரின் தாக்குதலும் வழிநெடுகப் பலிகொண்டன. சென்றவர்களில் பாதிப்பேர்கூட போய்ச்சேரவில்லை. வோல்காவிலோ ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரின் கானாட்சியையே ஒழித்தார். ஆயினும் ஜுங்காரியாவுக்குப் போய்ச்சேர்ந்தவர்கள் குலமும் உலுஸும் கலையாமல் சேர்ந்தே குடியேறினர். ஜுங்காரியா அடங்கிய சிஞ்சியாங்கில் அவர்களின் வழிவந்தோரிடம் தெளிவெழுத்து 20-ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. ஜாங்கர் பாடுவோரும் தொடர்ந்து தோன்றினர். பேரிழப்புக்குப் பின்னும் மரபு அறுபடவில்லை.

1943 டிசம்பர் 28-இல் தொடங்கிய நாடுகடத்தலில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயில்களில் ஏற்றப்பட்டனர். 1939 கணக்கெடுப்பில் சோவியத் நாட்டுக் கல்மிக்குகள் ஏறத்தாழ 1,34,000 பேர். 1959-இல் 1,06,000 பேர். அல்தாய், கிராஸ்னொயார்ஸ்க், ஓம்ஸ்க், நவசிபீர்ஸ்க் பகுதிகளில் ரஷ்யக் கிராமங்கள்தோறும் அவர்கள் சிதறடிக்கப்பட்டனர். கண்காணிப்பு அதிகாரியின் அனுமதியின்றி இடம்பெயர முடியாத நிலையில் உறவினர் ஒன்றுகூடுவதே அரிதாயிற்று. தாய்மொழிப் பள்ளியும் கிடையாது. மூன்றாவது அலகை அரசு முன்பே தகர்த்திருந்தது: 1930-களின் இறுதிக்குள் மடாலயங்கள் மூடப்பட்டன, தெளிவெழுத்து போய் சிரிலிக்கும், பிறகு லத்தீனும், மீண்டும் சிரிலிக்கும் வந்தன. நாடுகடத்தல் உடைத்தது இரண்டாவது அலகை.

எஞ்சிய மரபுக்கூறுகளின் பட்டியல் இதை உறுதிசெய்கிறது. பெட்டிக்குள் ஒளித்த திருவுருவம், தேநீர்ப் படையல், ஸுல் விளக்கு ஆகியவை பிழைத்தன. ஒரு தாய், ஓர் அடுப்பு இருந்தால் அவற்றுக்குப் போதும். 1957-க்குப் பின் கல்மிக்குகள் சைபீரியாவிலிருந்து தாயகம் திரும்பியபோது, பிறை நாட்களில் கூடி மந்திரம் ஓதிய மூதாட்டியரே துறவியர் இல்லாத வெற்றிடத்தை நிரப்பினர். மொழிக்கு இந்த வாய்ப்பு இல்லை. வீட்டில் பேசப்பட்டாலும், வெளியே பேச்சுத்துணை இல்லாத குழந்தையிடம் அது கேட்டறியும் மொழியாகச் சுருங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நாடுகடத்தப்படாத மற்றொரு மங்கோலிய இனமான புரியாத்துகளின் மொழியும் நலிந்துள்ளதே. ரஷ்யமயமாக்கலே போதுமான காரணம் ஆகாதா? அதன் பங்கை மறுக்க இயலாது. திரும்பியவர்கள் கலப்புக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டதும், ரஷ்யவழிக் கல்வியும் நலிவை விரைவுபடுத்தின. ஆனால் புரியாத் நாட்டுப்புறத்தில் மொழி பேசும் ஊர்கள் இடத்தில் இருந்தபடியே தேய்ந்தன; கல்மிக்குகளிடமோ சைபீரியாவில் பிறந்த தலைமுறைக்கு அத்தகைய ஊரே வாய்க்கவில்லை. ரஷ்யமயமாக்கல் ஓர் அரிப்பு எனில், சிதறடிப்பு ஒரு முறிவு.

சோவியத் வீழ்ச்சிக்குப் பிந்தைய மறுமலர்ச்சியை இந்நோக்கில் மதிப்பிட வேண்டும். 2005-இல் கல்மிக்கியாவின் தலைநகர் எலிஸ்தாவில் பெரும் புத்தர் கோயில் திறக்கப்பட்டது. இந்தியாவின் திபெத்திய மடாலயங்களில் கல்மிக் இளைஞர்கள் பயின்றனர். மூன்றாவது அலகு இவ்வாறு மீண்டது. முதலாவது அழியவே இல்லை. கல்மிக் மொழியோ யுனெஸ்கோவின் அழிநிலைப் பட்டியலில் உள்ளது. கோயிலை நிதியும் நிறுவனமும் எழுப்பிவிடும். பள்ளியில் வாரத்துக்குச் சில மணிநேரம் மொழிப்பாடமும் வைத்துவிடலாம். மந்தையும் உறவும் சேர்ந்து உருவாக்கிய ஹோத்தனுக்கு நகரத்திலும் பண்ணையிலும் ஈடான பேச்சுக்களம் எது என்ற கேள்விக்கு விடை காணாதவரை, பாடநூல்களால் மட்டும் மொழியை மீட்க இயலாது.