நாணயம் முதல் தேடல் பெட்டி வரை: பெயர் காப்பது பற்றிச் சில குறிப்புகள்

காசுக்கும் நம்பிக்கைக்கும் தமிழில் ஒரே சொல்தான்: நாணயம். ஜவுளி வியாபாரம் நடக்கிற ஊர்களில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சேலம் பக்கத்தில், கஞ்சமலையை ஒட்டி இருக்கும் இளம்பிள்ளையை எடுத்துக்கோங்க. விசைத்தறியும் சேலை மொத்த வியாபாரமும்தான் ஊரின் பிழைப்பு. இந்தத் தொழிலில் நூல் கடனுக்கு வரும், சேலை கடனுக்குப் போகும். நடுவில் ஈடாக நிற்பது ஆளோட பெயர் மட்டும்தான். புதிதாக ஒருவர் சரக்கு கேட்டால், "ஆள் எப்படி?"ன்னு தெரிந்த ரெண்டு பேரிடம் விசாரிப்பாங்க.

அந்த வாய்வழி விசாரணையில் குறைகள் உண்டு. பொறாமை பேசும், சாதி பேசும். ஆனால் ஒரு நல்ல குணமும் இருந்தது. சொல்கிற ஆள், பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்வார்: "ஒரு தடவை கைமாத்துல சிக்கினாரு, ஆனா பைசா பாக்கி இல்லாம அடைச்சிட்டாரு." கொஞ்ச வருஷம் போனால் அந்தப் பேச்சே இருக்காது. கஞ்சமலையில் சித்தருக்குச் சமைத்த சோற்றை உண்ட முதியவர் ஒருவர் இளைஞரானார், அதனால்தான் ஊருக்கு இளம்பிள்ளை என்று பெயர் என ஒரு கதை சொல்வார்கள். மூலிகை வேலை செய்ததோ இல்லையோ, பழசைக் கழித்துவிட்டு மனிதன் புதிதாகத் தொடங்கலாம் என்பதை நம்ம ஊர்கள் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்டிருந்தன.

இன்று அந்த விசாரணை கைபேசிக்குப் போய்விட்டது. சேலை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் விற்கிறது. எங்கோ இருந்து வாங்குகிறவர் முன்பணம் போடும் முன் பெயரைத் தட்டிப் பார்க்கிறார். வேலை கொடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர், பெண் கொடுப்பவர் எல்லோருமே அதைத்தான் செய்கிறார்கள். அப்படித் தட்டும்போது வருவதை யார் தீர்மானிக்கிறார்கள்?

1998-ல் தொடங்கிய கூகுளின் அடிப்படை யோசனை எளிமையானது: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள் சுட்டுகின்றனவோ, அந்த அளவுக்கு அது மேலே வரும். பிறகு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்தன. ஆனாலும் பெரிய செய்தித்தாள், தீர்ப்புத் தொகுப்பு போன்ற தளங்கள் வலுவாக நிற்கும். உங்கள் சொந்தப் பக்கம் தள்ளாடும். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று இயந்திரம் தானாகக் கேட்பதில்லை.

இதில் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும்விட்டது, பெரிய ஆதாயம். ஆனால் தேடல் பெட்டிக்கு மிஞ்சுவது ஒரு முன்னெழுத்தும் ஒரு பெயரும்தான். எஸ். முருகன் என்று தட்டினால் எத்தனை முருகன்கள்! கூட்டத்தில் மறைந்துகொள்ள அது வசதி. அதே நேரம் எவரோ ஒரு முருகனின் வழக்கு உங்கள் தலையில் விழவும் வழி.

ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. இளம்பிள்ளையையே 'இ' போட்டும் எழுதுவார்கள், 'எ' போட்டும் எழுதுவார்கள். தமிழ் உச்சரிப்புப்படி 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி 2020 ஜூனில் அரசாணை வெளியானது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே இந்த நிலைமை என்றால் ஆளுக்கு? ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, கடைப் பலகையில் ஒன்று என்று இருந்தால், நீங்கள் சேர்த்த நல்ல பெயர் மூன்றாகச் சிதறும்.

சரி, தப்பான அல்லது பழைய விஷயம் மேலே வந்தால் என்ன செய்வது? ஐரோப்பாவில் இதற்கு வழிகாட்டிய வழக்கு ஸ்பெயினிலிருந்து வந்தது. பாக்கிக்காக ஒருவரின் சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பை 1998-ல் ஒரு நாளிதழ் வெளியிட்டது. கடன் தீர்ந்து பல வருஷம் ஆன பிறகும் அவர் பெயரைத் தேடினால் அதுதான் வந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்வு நுட்பமானது: நாளிதழ் தன் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம், பெயரைத் தேடும்போது அந்த இணைப்பைக் காட்டக்கூடாது. ஆவணம் அழியவில்லை, சுட்டும் விரல் மட்டும் மடங்கியது. நம்ம ஊர் மறதிக்கு மிக நெருக்கமான சட்ட வடிவம் இது.

நம் பக்கம் கதை சிக்கலானது. 2008-ல் தொடங்கிய இந்தியன் கானூன் தளம், சாதாரண மனிதரும் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்க வழி செய்தது. உண்மையிலேயே பெரிய சேவை. ஆனால் தீர்ப்பில் இருக்கும் பெயர்களும் கூடவே வெளியே வந்தன. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையால் விடுவிக்கப்பட்ட ஒருவர், தன் பெயரை மறைக்கக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். (அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் இந்தப் பதிவும் அவரைச் சுட்டும் இன்னொரு விரலாகிவிடும்.)

அந்த வழக்கில் ஒரு நியாயமான ஒப்பீடு எழுந்தது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக்கூடாது என்று 1983 முதல் சட்டம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டு, விடுதலையானவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் 2021 ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சட்டமும் தெளிவான அளவுகோலும் இல்லாமல் நீதிமன்றமாக இதைச் செய்ய முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரி 27-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: அடையாளத்தை மறைக்கவும், தளத்திலிருந்து தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை அகற்றச் சொன்னால் விளைவு எங்கே போய் முடியும் என்ற கவலையும் லேசானது அல்ல. ஊழல் செய்தவரும் நாளை இதே கதவைத் தட்டுவார்.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு இருக்கட்டும், சட்டமும் வாதமும் எல்லோரும் படிக்க வேண்டியவை. விடுதலையான தனிமனிதரின் பெயரைத் தட்டினால் அது வராமல் இருக்கட்டும். அழிக்கவா வைக்கவா என்ற சண்டைக்கு நடுவில் ஸ்பெயின் வழக்கு காட்டிய அந்த இடம் நமக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

அது வரும்வரை கையில் இருப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல். முன்னெழுத்தோடு ஊரையோ தொழிலையோ சேர்த்துப் போடுவது. சொந்தமாக ஒரு பக்கம். கடை இருந்தால் கூகுளில் அதன் விவரத்தை நீங்களே பார்த்துக்கொள்வது. உங்கள் கைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ தேடலில் வந்தால், நீக்கச் சொல்லி கூகுளிடமே விண்ணப்பிக்கலாம். மூலப் பக்கம் திருத்தப்பட்டும் பழைய வரிகளே தேடலில் வந்தால், அதைப் புதுப்பிக்கச் சொல்லவும் வழி உண்டு. காசு வாங்கிக்கொண்டு "எல்லாத்தையும் அழிச்சிடுறோம்" என்பவர்களை நம்பாதீங்க. அடுத்தவர் தளத்தில் இருப்பதை அவர்களாலும் நினைத்தபடி அழிக்க முடியாது.

இன்னொரு வேலையும் நம்முடையதே. அடுத்த முறை நாம் யாருடைய பெயரையாவது தட்டும்போது, அந்தப் பழைய ஜவுளிக்காரர் மாதிரி இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இது எந்த வருஷம், அப்புறம் என்ன ஆச்சு?