பலகையின் நடுவில் ஒரு துளை

ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை காலை. அறுபதை நெருங்குகிற ஒருவர், லேசான தொப்பையோடு, பெரிய பலகை ஒன்றைத் தண்ணீரில் தள்ளுகிறார். நின்றுகொண்டே துடுப்பு போடுவார்களே, அந்த 'ஸ்டாண்ட்-அப் பேடில்' பலகைதான். ஆனால் அவர் துடுப்பை எடுக்கவில்லை. பலகையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னத் திருகு துளையில் பாய்மரத்தைப் பொருத்துகிறார். ஏறி நின்று கயிற்றை இழுக்க, தண்ணீரில் படுத்துக் கிடந்த பாய் சொட்டச் சொட்ட எழுகிறது. மெல்லிய காற்று. பலகை நகர்கிறது. அப்போது மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன விண்ட்சர்ஃபிங் திரும்பக் கிடைத்துவிட்டது!

அவ்வளவு ஆசை இருப்பவர் முதலில் ஏன் விட்டார் என்று கேட்கிறீர்களா? அதுதான் நம் கதை.

1964. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூமன் டார்பி என்று ஒருவர். விளம்பரப் பலகைகளுக்கு எழுத்து வரைவது தொழில். படகு கட்டுவது பைத்தியம்! சுமார் 10 அடி நீளத்தில் தட்டையாக ஒரு பலகை செய்து, அதன்மேல் பட்டம் போன்ற ஒரு பாயை நிறுத்தினார். பாய்மரத்தைக் கெட்டியாக இறுக்கவில்லை. எந்தப் பக்கமும் சாய்கிற மாதிரி விட்டுவிட்டார். மனைவி நவோமியும் அதில் ஏறி ஓட்டினார். 1965 ஆகஸ்ட் 'பாப்புலர் சயன்ஸ்' இதழில், விரும்பியவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி படத்தோடு கட்டுரையும் எழுதினார் டார்பி. ஒன்றே ஒன்றைத்தான் செய்யவில்லை. காப்புரிமை வாங்கவில்லை!

இப்போது கலிஃபோர்னியாவுக்கு வாருங்கள். ஜிம் ட்ரேக், ஹாயில் ஷ்வைட்ஸர் என்று இரண்டு நண்பர்கள். ட்ரேக் விமானப் பொறியாளர். எக்ஸ்-15 என்ற அதிவேக ராக்கெட் விமானத் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஷ்வைட்ஸர் கடல் அலையில் சறுக்குவதில் பிரியம் உள்ளவர். அலையே இல்லாதபோதும் பலகையில் போக வழி உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் கட்டலாம், சரி. நின்றுகொண்டிருப்பவன் சுக்கானை எப்படிப் பிடிப்பது?

ட்ரேக்கின் விடை: சுக்கானே வேண்டாம்! பாய்மரத்தின் அடியில் எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டு. பாயின் இரு பக்கமும் வளைந்து செல்லும் கைப்பிடி. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றிலிருந்து விலகும். பின்னால் சாய்த்தால் காற்று வரும் திசை நோக்கித் திரும்பும். அவ்வளவுதான். 1967 மே மாதம் தண்ணீரில் சோதித்துப் பார்த்தார்கள். 1968-ல் விண்ணப்பித்து, 1970 ஜனவரியில் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள். 1973-ல் ட்ரேக் தன் பங்கை ஷ்வைட்ஸரிடமே விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

'விண்ட்சர்ஃபர்' என்ற அந்தப் பலகை 12 அடி நீளம், ஏறக்குறைய 27 கிலோ. பிளாஸ்டிக் உடம்பு. பார்க்க அழகில்லை. ஆனால் யார் ஏறினாலும் தாங்கியது. நெதர்லாந்தின் டென் கேட் என்ற ஜவுளி நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்க, ஐரோப்பாவில் அப்படி ஒரு மோகம்! கார் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஏரிக்குக் கிளம்பினார்கள். 1976-ல் உலக சாம்பியன் ஆன ராபி நேஷுக்கு வயது என்ன தெரியுமா? பதின்மூன்று!

பணம் புரண்டால் கோர்ட்டும் வந்துவிடுமே. பிரிட்டனில் காப்புரிமை வழக்கு நடந்தபோது புதிதாக ஒரு பெயர் வெளியே வந்தது. பீட்டர் சில்வர்ஸ். 1958-ல், 12 வயதுப் பையனாக, ஹேலிங் தீவில் இதே மாதிரி ஒரு பலகையைத் தானே செய்து ஓட்டியிருக்கிறான்! அந்தப் பையனின் பலகை, டார்பியின் கட்டுரை, இரண்டையும் காட்டி 1980-களின் நடுவில் பிரிட்டிஷ் நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதுசா என்று பார்க்கும் முறைக்கு அங்குள்ள வக்கீல்கள் இன்றும் இந்த வழக்கின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

1984-ல் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்தது. அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? குறை உள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது. வேகம்!

வல்லவர்களுக்கு இன்னும் வேகம் வேண்டியிருந்தது. பலகை சின்னதாகிக்கொண்டே வந்தது. கணக்கு எளிது. ஒரு லிட்டர் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். பழைய பலகை 200 லிட்டருக்கு மேல். புதியவை பல 100 லிட்டருக்கும் கீழே. 80 கிலோ மனிதர் பாயோடு அதில் சும்மா நின்றால் முழங்கால்வரை மூழ்குவார்! தண்ணீரில் மல்லாந்து கிடந்து, பாயைக் காற்றில் பிடித்து, அது தூக்கிவிட எழுந்து நிற்க வேண்டும். பலமான காற்றும் வேண்டும். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகக் காற்று ஊர் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீசுமா? காத்திருந்து காத்திருந்து வீடு திரும்பினார்கள் ஜனங்கள். செலவு வேறு ஏறிக்கொண்டே போனது. பத்திரிகைகளில் ஹவாய் அலைமேல் குட்டிக்கரணம் போடும் வீரர்களின் படம். நம் ஏரிக்கரைக்காரரின் பலகை பரணில்! 1990-களில் கூட்டம் கரைந்தது. கொஞ்ச நாளில் பட்டம் கட்டி இழுக்கும் கைட் சர்ஃபிங் வந்து மிச்சம் இருந்த இளைஞர்களையும் அள்ளிக்கொண்டது.

மருந்தும் அதே ஹவாயிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. 2000-ஐ ஒட்டி லேர்டு ஹாமில்டன், டேவ் கலாமா இருவரும் பெரிய பலகையில் நின்று துடுப்பு போட்டு அலையில் விளையாட, அது உலகம் முழுக்கப் பரவியது. இருவருமே பழைய விண்ட்சர்ஃபிங் வீரர்கள்! நேஷ், ஸ்டார்போர்டு போன்ற விண்ட்சர்ஃபிங் நிறுவனங்களே துடுப்புப் பலகையும் செய்ய ஆரம்பித்தன. 200 லிட்டர் பலகை, யாரையும் தாங்கும்... அப்படியானால் நடுவில் ஒரு துளை போட்டால் என்ன? போட்டார்கள். காற்றடித்து நிரப்பும் ரகத்தில்கூடப் பாய்மரம் மாட்ட வசதி வந்தது.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. பழைய பலகையில் நடுவே செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு தகடு இருக்கும். பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். துடுப்புப் பலகைகள் பலவற்றில் அது கிடையாது. பாய் கட்டினால் காற்று தள்ளும் பக்கமே நண்டு மாதிரி நகர்ந்து போய்விடுவீர்கள். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்றில் இது விளையாட்டல்ல, ஆபத்து. நடுவில் ஒரு துடுப்புச்சிறகு பொருத்த இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர் புத்திசாலி. துடுப்பைப் பலகையிலேயே கட்டி வைத்துக்கொள்கிறவர் இன்னும் புத்திசாலி. காற்று செத்துப்போனால் பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்பு போட்டே கரைக்கு வந்துவிடலாம்!

மேல்மட்டத்தில் வேகம் ஓயவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பலகைகள் அடியில் இறக்கை கட்டிக்கொண்டு தண்ணீரைத் தொடாமலே பறந்தன. பறக்கட்டும், அதுவும் அழகுதான். ஆனால் ஒரு விளையாட்டு உயிரோடு இருக்க, நேற்றுத்தான் கற்றுக்கொண்டவனும் நாளைக்கு அறுபது ஆகப்போகிறவனும் ஏறி நிற்க அதில் இடம் வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு முப்பது வருஷம் ஆனது.

ட்ரேக் 2012-லும் டார்பி 2016-லும் காலமானார்கள். டார்பியின் மரப் பலகை சுமார் 10 அடி என்று சொன்னேன் இல்லையா? நம் பெரியவர் ஏரியில் தள்ளிக்கொண்டு போனாரே, அந்தப் பலகையின் நீளம் பத்தரை அடி.