மாருதி ஜிப்சி

சுசுகி எஸ்ஜே410 வண்டியின் வழிவந்த மாருதி ஜிப்சி, 1985 டிசம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த நான்கு சக்கர இயக்க வாகனம். முதலில் 970 சிசி பெட்ரோல் இன்ஜின். 1996இல் 1298 சிசி. ஒரு டன்னையொட்டிய எடைதான் சேற்றிலும் மணலிலும் இதன் பெரிய பலம். பொது விற்பனை 2019இல் நின்றது. இன்று கிடைப்பவை பழைய வண்டிகளும் ராணுவம் கழித்து ஏலம் விட்டவையும்.

வட சென்னையில் வாங்குவோர் இன்ஜினுக்கு முன் சேஸிஸைப் பார்க்க வேண்டும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோரத்தின் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் தரைத்தகடும் முதலில் அரிக்கும். சுத்தியலால் தட்டும்போது மந்தமாக ஒலித்தால் உள்ளே துருதான். புதுப் பெயின்ட் எதையும் நிரூபிக்காது. நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்கக்கூடாது, மண்தரையே சரி.

நெடும்பயணத்துக்கு டயர், பிரேக், ரேடியேட்டர், ஸ்பிரிங் புஷ்கள் புதுப்பிக்கப்பட்டாலே பெரும்பகுதி வேலை முடியும். கூரையில் கனமான சுமை ஏற்றுவது இந்தக் குறுகிய வண்டியைக் கவிழ்க்கும் வழி. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.