5 றாண்ட் கொடாத ஆசிரியர்

தென்னாபிரிக்காவின் வடபாலுள்ள வெண்டாப் பகுதியில் 1946 ஆம் ஆண்டு பிறந்த பெனடிக்ற் டஸ்வா, 1963 இல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரானார். ஆரம்பப் பாடசாலையொன்றின் தலைமையாசிரியராக விளங்கினார். ஆடவர்க்கு இழுக்கென அயலார் எண்ணிய வீட்டு வேலைகளையும் மனைவியோடு பகிர்ந்து செய்தார்.

1990 ஜனவரியில் ஊரில் இடி விழுந்து குடிசைகள் எரிந்தன. இது சூனியக்காரர் செயலென்று கருதிய ஊரவர், அவரைக் கண்டறியக் குறிகாரனிடம் செல்லத் தலைக்கு 5 றாண்ட் பணம் கேட்டனர். இடி இயற்கையின் நிகழ்ச்சியே என்றுரைத்த டஸ்வா, கொடுக்க மறுத்தார். குறிகாரன் சுட்டும் அப்பாவியின் உயிர்க்கு நேரக்கூடிய ஆபத்தை அவர் அறிந்திருந்தார்.

பெப்ரவரி 2 ஆம் நாள் இரவு, ஊர்த்திரள் அவரையே கொன்றது. எட்டாவது குழந்தை தந்தையைக் காணாமலே பிறந்தது.

2015 இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. அந்த 5 றாண்டைக் கொடாமையே அவர் அயலார்க்கு அளித்த பெருங்கொடை எனலாம்.