மேலோடும் மெய்ப்பல்லும்

பல்லை முல்லை அரும்புக்கும் முத்துக்கும் ஒப்பிடுதல் தமிழ்ப் புலவர் மரபு. அவ்வுவமையை மருத்துவர் கையால் மெய்யாக்கிக்கொள்ள விழைவது இக்காலத்தார் இயல்பு. 1973இல் கட்டப்படத் தொடங்கிய ஆங் மோ கியோ நகரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே பல் மருத்துவகங்களைக் காணலாம். முன்பல் சற்று மஞ்சளித்தவர் அங்குச் சென்று, 'வினீர் வைத்துக்கொள்வது தகுமா?' என வினவுவது இன்று அரிதன்று. அவ்வினாவுக்கு விடை காண வினீரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

வினீர் என்பது தச்சுத் தொழிலிலிருந்து வந்த சொல். மலிவான மரத்தின்மேல் ஒட்டப்படும் உயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை அது குறிக்கும். பல் மருத்துவத்தில், முன்பல்லின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய ஓட்டுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர் திரைப்பட நடிகருக்காக இத்தகைய ஓடுகளைச் செய்தார். செயற்கைப் பற்களைப் பிடிக்கவைக்கும் தூளே அவற்றுக்கு ஒட்டு. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடலாம். உள்ளிருக்கும் பல்லுக்கு ஊறில்லை. அஃது ஓர் ஒப்பனையே அன்றி மருத்துவம் அன்று.

நிலைமையை மாற்றியது 1955இல் மைக்கேல் புவனோகோர் வெளியிட்ட ஆய்வு. உலோகத்துக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதன் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தும் தொழில்முறையை அவர் பல்லுக்குப் பொருத்திப் பார்த்தார். பல்லின் மேலுறையாகிய எனாமலில் அவ்வமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவியபின், பிசின் உறுதியாகப் பற்றக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் பீங்கான் ஓட்டின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. கழற்றி வைக்கும் முகப்பு, கழற்றவியலாத உறுப்பாயிற்று.

நிலைப்புக்கு விலையும் உண்டு. ஓடு பொருந்துவதற்காகப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவில் செதுக்க நேரிடும். எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளராது. ஓடோ என்றும் நிலைப்பதன்று. பின்னாளில் பெயர்ந்தாலோ உடைந்தாலோ வேறோர் ஓடுதான் வைக்கவேண்டும்.

ஆகவே கறையின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். தேநீரும் வெற்றிலையும் படிவித்த கறை, பற்களைத் துப்புரவு செய்தாலே பெரிதும் நீங்கும். தருமபுரி போன்ற பகுதிகளில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான புளோரைடு, குழந்தைப் பருவத்திலேயே பல்லின் அமைப்பில் பதித்த கறை வேறு வகையினது. அதே புளோரைடைத்தான் சிங்கப்பூர் 1950களின் பிற்பகுதியிலிருந்து, சொத்தையைத் தடுக்கும் சிற்றளவில், குடிநீரில் கலந்துவருகிறது. அளவே மருந்தையும் மறுவையும் பிரிக்கிறது. அமைப்பிலேயே பதிந்த கடுங்கறைக்கும், முனை உடைந்த பல்லுக்கும் வினீர் தக்க துணையாகலாம். சொத்தையோ ஈறுநோயோ உள்ளவர் முதலில் அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவருக்கும், ஒட்டுவதற்குப் போதிய எனாமல் இல்லாதவருக்கும் அது பெரும்பாலும் ஏற்றதன்று.

தச்சன் தகடு ஒட்டும் மரம் உயிரற்றது, பல்லோ உயிருள்ளது. வெளுப்பூட்டல் போன்ற எளிய வழிகளால் குறை தீருமாயின் அங்கேயே நிற்பது அறிவுடைமை. நடிகர் ஓட்டை மாலையில் கழற்றினார். இன்று ஒட்டிக்கொள்பவர் அதனோடு வாழ்நாள் முழுதும் வாழவேண்டும்.