ஹூசியர்: ஒரு வசைச்சொல் அணிப்பெயரான கதை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மக்களுக்கு ‘ஹூசியர்’ என்று பெயர். புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் அதுவே பெயர். ‘பிக் டென்’ கூட்டணியில் அதனோடு மோதும் மற்ற அணிகளின் பெயர்கள் எளிதில் விளங்கும். மிச்சிகன் அணியின் பெயர் வால்வரின் என்ற விலங்குடையது. பர்டியூ அணியின் பெயர் கொதிகலன் செய்யும் தொழிலாளியைக் குறிக்கும். ஹூசியர் என்றால் என்ன என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வருகிறது.

1833 சனவரி 1 அன்று ஜான் ஃபின்லி எழுதிய ‘ஹூசியரின் கூடு’ என்ற கவிதை இண்டியானாபொலிஸ் இதழொன்றில் வெளிவந்தது. அதற்கு முன்பே சொல் புழக்கத்தில் இருந்தது. அதை நாடறியச் செய்தது அந்தக் கவிதை.

பிறகு கதைகள் முளைத்தன. காட்டுக்குடிசைக் கதவை யாராவது தட்டினால் உள்ளிருந்து ‘ஹூஸ் ஹியர்?’, அதாவது ‘யாரது?’ என்று குரல் வருமாம். அதுவே திரிந்தது என்பது ஒன்று. லூயிவில் கால்வாய் வேலையில் ஹூசியர் என்ற ஒப்பந்தக்காரர் இந்தியானா ஆட்களையே விரும்பி அமர்த்தினார் என்பது இன்னொன்று. இந்தியானாக் கவிஞர் ஜேம்ஸ் விட்கம் ரைலி சொன்ன கதை வேடிக்கையானது: அடிதடியில் காதைக் கடித்துத் துப்பும் முரடர்கள் நிறைந்த ஊரில், தரையில் கிடந்ததைப் பார்த்து ஒருவன் ‘ஹூஸ் இயர்?’ என்றானாம். யாருடைய காது என்று பொருள். ஒலி ஒத்துப்போவதைத் தவிர இவற்றுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இதைப் பொறுமையோடு ஆராய்ந்தவர் ஜேக்கப் பயட் டன். 1907-இல் இச்சொல்லுக்கென்றே தனி நூல் எழுதினார். அமெரிக்காவின் தெற்கு மலைநாட்டில், இந்தியானாவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், நாகரிகம் அறியாத முரட்டு நாட்டுப்புறத்தானை ஹூசியர் என்று ஏசுவதுண்டு என்று அவர் காட்டினார். வேரை அவர் தேடிச்சென்றது இங்கிலாந்தின் கம்பர்லண்ட் வட்டார வழக்குக்கு. அங்கே அளவுக்கு மீறிப் பெரிதான எதையும் ‘ஹூசர்’ என்பார்களாம். இந்த இரண்டாம் பாதி ஊகம்தான். முதற்பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரில் இன்றும் அது வசைச்சொல்தான். தெற்கிலிருந்து வந்த சொல் அங்கே பழைய பொருளிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு கருத்தையும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹாரி ஹோசியர் அடிமையாகப் பிறந்தவர்; எழுத்தறிவில்லாமலே பெரும் மெதடிஸ்ட் போதகராக உயர்ந்த கறுப்பினத்தவர். அவரைப் பின்பற்றியவர்களை இழிவாகச் சுட்டப் பிறந்த சொல் இது என்று வரலாற்றாசிரியர் வில்லியம் பியர்சன் 1995-இல் எழுதினார். இணைக்கும் ஆவணம் இல்லை. ஆயினும் ஏளனத்தின் வேரை எங்கே தேடலாம் என்று அவர் காட்டிய திசை கருதத்தக்கது.

1987-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி தேசியப் பட்டம் வென்ற வேளையில், நியூயார்க் செனட்டர் ஒருவர் அகராதியைப் பிரித்து இச்சொல்லின் இழிபொருளை அவையில் படித்தார். இந்தியானா செனட்டர் டான் குவேல் அகராதியைத் திருத்தக் கோரினார், வெளியீட்டாளர் இசையவில்லை. 2017-இல்தான் அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகம் ‘இந்தியானன்’ என்ற சொல்லை நீக்கி, ஹூசியர் என்பதை அதிகாரபூர்வமாக ஏற்றது.

கூடைப்பந்தில் பெருமை சேர்த்த பெயர் கால்பந்தில் தோல்வியையே நினைவூட்டியது. 1945-இலும், மற்ற அணிகளோடு பகிர்ந்துகொண்டு 1967-இலும் கூட்டணிப் பட்டம் வென்றதோடு சரி. 2023 முடிவில் 700-க்கும் மேற்பட்ட தோல்விகள்; கல்லூரிக் கால்பந்தின் மேல்நிலைப் பிரிவில் அவ்வளவு தோற்ற அணி அப்போது வேறு இருக்கவில்லை. அந்த ஆண்டில் மட்டும் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. அப்போதுதான் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர் பலரும் அவரோடு வந்தார்கள். 2024-இல் கூட்டணியின் 9 ஆட்டங்களில் 8 வெற்றி. ஒஹையோ ஸ்டேட்டிடம் மட்டும் 38–15 என்று தோற்றார்கள். தேசியச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே நோட்ர டேம் அவர்களை வெளியேற்றியது. நோட்ர டேம் இருப்பதும் இந்தியானாவில்தான்.

2025-இல் கூட்டணியின் ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. ஆரிகன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 30–20 என்று வென்றார்கள். பென் ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தில் கடைசி நிமிடம்வரை பின்தங்கியிருந்து 27–24 என்று மீண்டார்கள். நெடுநாள் போட்டியாளரான பர்டியூ 56–3 என்று வீழ்ந்தது. டிசம்பர் 6 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த கூட்டணி இறுதியாட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டை 13–10 என்று வென்றார்கள். ஃபின்லியின் கவிதை முதலில் அச்சேறிய நகரம் அது. 1945-க்குப் பிறகு யாரோடும் பகிராமல் அவர்கள் பெற்ற முதல் பட்டம் இதுவே.