விண்ணப்பமும் கோரிக்கையும்: பேகம்பூர்த் தோல் ஷாப்புகள் தரும் பாடம்

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு கடிதத்துடன் வீட்டுக்கு வந்தார். திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவர். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். மேற்பார்வையாளர் விலகிச் சென்ற நாள்முதல், மூன்று ஆண்டுகளாக, அவர் வேலையையும் இவரே பார்த்து வருகிறார். பதவிப் பெயர் மாறவில்லை. சம்பளமும் பெயரளவுக்கே ஏறியிருக்கிறது. முதலாளிக்கு எழுதிய கடிதத்தை நல்ல தமிழில் திருத்தித் தர வேண்டும் என்பது அவரது வேண்டுகோள்.

படித்துப் பார்த்தோம். 'சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று தொடங்கி, தாயாரின் நோய், தங்கையின் திருமணக் கடன், வீட்டு வாடகை என இரண்டு பக்கங்களுக்குத் துன்பங்களை அடுக்கி, 'கருணை கூர்ந்து' என்று முடிந்தது. தாம் செய்யும் வேலையைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. "தம்பி, தாழ்மையையும் கருணையையும் எடுத்துவிட்டு உங்கள் வேலையை எழுதுங்கள்" என்றோம். அவர் தயங்கினார். "அதை எடுத்துவிட்டால் திமிர் என்று நினைத்துவிட மாட்டாரா, ஐயா?"

அவருடைய தாத்தா பேகம்பூர்த் தோல் ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். பேரனின் கேள்விக்கு விடை தாத்தாவின் காலத்து வரலாற்றில் இருக்கிறது என்று நமக்குப் பட்டது. அதையே இங்கு எழுதுகிறோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

இன்று நாம் மாதச் சம்பளத்தைக் குறிக்க வழங்கும் 'ஊதியம்' என்னும் சொல் திருக்குறளில் ஆதாயம், பேறு என்னும் பொருளில் வருகிறது. முதல் இல்லாதவனுக்கு ஊதியம் இல்லை என்று வள்ளுவர் கூறுமிடத்தில் அது வணிகனின் இலாபம். உழைப்புக்கு ஈடாக வருவதைக் குறிக்க அவர் ஆள்வது 'கூலி' என்னும் சொல்லை. வணிகனின் இலாபத்தைச் சுட்டிய சொல் காலப்போக்கில் உழைப்பவன் பெறுவதைச் சுட்ட வந்திருக்கிறது. சொல் எளிதாக இடம் மாறிவிட்டது; பொருள் அவ்வளவு எளிதாக மாறவில்லை.

வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும் அதையடுத்து 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்பதில் உள்ள கூச்சம் தமிழனுக்குப் புதிதன்று. ஆனால் கேட்பவன் எல்லாம் இரப்பவன் அல்லன் என்பதையும் நம் மரபு அறிந்திருந்தது. புறநானூற்றின் 208ஆம் பாடலில், தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். தகுதியின் அளவை அறிந்து தருவதாயின் தினையளவே ஆனாலும் இனிது என்பது அவர் வாதம். வறுமையில் வாடிய புலவர்தாம் அவர்; ஆயினும் தம் வறுமையை முன்வைத்து அவர் பேசவில்லை, தம் புலமையை முன்வைத்துப் பேசினார். ஊதிய உயர்வு கேட்கும் எவருக்கும் முதல் பாடம் இதுதான்.

நிற்க. புலவருக்கு ஓர் அரசன் மறுத்தால் மற்றோர் அரசன் உண்டு. நடந்து செல்லக் காலும் வழியும் உண்டு. சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு அந்த வழி இருந்ததா?

பேகம்பூரும் தோலும்

ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் என்பதால் பேகம்பூர் அப்பெயர் பெற்றது என்பது ஊர் வழக்கு. பெரிய பள்ளிவாசல் இன்றும் அக்காலத்தை நினைவூட்டி நிற்கிறது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. பூட்டும் சுருட்டும் ஊருக்குப் பெயர் தந்தன. பேகம்பூர்ப் பகுதிக்குப் பெயர் தந்தது தோல். தோல் பதனிடும் தொழிற்சாலையை ஊரார் 'தோல் ஷாப்பு' என்பர்.

உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து அலச வேண்டும். பின்பு சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடத்த வேண்டும். மயிர் இளகியதும் மரத்தின்மேல் விரித்து வளைந்த கத்தியால் சுரண்ட வேண்டும். மறுபுறம் ஒட்டியிருக்கும் சதையை நீக்க வேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்தித் தரம் பிரிக்க வேண்டும். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்னும் பெயரில் தென்னிந்தியத் தோல் கப்பலேறி இலண்டன் ஏலச் சந்தை வரை சென்றது. சுண்ணாம்பில் நின்றவனின் கைகால்கள் வெந்து வெடித்தன.

தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் குழிக்குள் இறங்கும் வேலை பெரும்பாலும் தலித் மக்களுக்கே வாய்த்தது. தரம் பிரித்தலும் கணக்கும் மேலாண்மையும் அவர்களுக்கு எட்டாத இடங்கள். இன்று 'பதவி உயர்வு' என்று நாம் சொல்வது அன்று குழியிலிருந்து கரையேறுவது. அதற்குத் திறமை மட்டும் போதவில்லை.

வாயைக் கட்டிய முன்பணம்

ஏன் கேட்கவில்லை? கேட்க முடியாதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் முன்பணம். திருமணத்துக்கோ சாவுக்கோ ஷாப்புக்காரரிடம் கடன் வாங்குவர். அது தீரும்வரை வேறு இடம் போக இயலாது. போக வேண்டுமாயின் புதிய முதலாளி பழைய கடனைத் தீர்க்க வேண்டும். அப்போது மனிதன் கடனோடு கைமாறுவான். கணக்கு முதலாளியின் பேரேட்டில் இருக்கும். இந்த நிலையில் 'கூலியை உயர்த்துங்கள்' என்பவனுக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: 'முதலில் வாங்கியதைக் கீழே வை.'

திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ், இவ்வுலகைத் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். 2010இல் வெளிவந்த அந்நாவல் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 2019இல் அவர் மறைந்தார். நாவல் புனைவே, ஆவணம் அன்று. ஆயினும் கடன் எப்படி ஒரு மனிதனின் நாவைக் கட்டுகிறது என்பதையும் அக்கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதையும் அறிய அதைப் படிக்கலாம்.

ஒருவர் கேட்டால் திமிர், பலர் கேட்டால் கோரிக்கை

சேர்ந்து கேட்பதே ஒரு காலத்தில் குற்றம்போல் கருதப்பட்டது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் அதன் முன்னோடிகள். பின்னி நிறுவனம் அதன் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து நட்டஈடு கேட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகே தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு ஓரளவு காப்பும் வந்தது.

திண்டுக்கல்லில் தோல் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும் பணி 1940களில் நடந்தது. பிற்காலத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக விளங்கிய ஏ. பாலசுப்பிரமணியம் அப்பணியில் முன்னின்றவர். சங்கம் செய்த முதன்மையான மாற்றம் எது? நம் கருத்தில், கேட்கும் மொழியை மாற்றியது. 'என் வீட்டில் அடுப்பு எரியவில்லை' என்பது ஒருவனின் முறையீடு. அதற்கு ஐந்து ரூபாய் கொடுத்து அனுப்பிவிடலாம், அந்த ஐந்தும் கடனில் ஏறும். 'இத்தனை தோலுக்கு இவ்வளவு கூலி, இத்தனை மணி நேரம் வேலை' என்பது எல்லோருக்குமான கணக்கு. அதற்குக் கணக்கால்தான் விடை சொல்ல வேண்டும். விண்ணப்பம் கோரிக்கையான இடம் இதுவே.

கணக்கு எப்படி வந்தது

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தன் அட்டவணையிலேயே தோல் பதனிடும் தொழிலையும் பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழிலையும் சேர்த்திருந்தது. கூலி மிகக் குறைவாகவும் உழைப்பாளர் குரல் மிக மெலிவாகவும் இருந்த தொழில்கள் இவை. அதே ஆண்டு அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்க்கை ஊதியம் என மூன்று படிகளைப் பிரித்துக் காட்டியது. முதற்படிக்குக் கீழே இறங்கக் கூடாது; மூன்றாம் படியே குறிக்கோள்; தொழிலின் கொடுக்கும் திறனைப் பொறுத்து இடையில் அமைவது நியாய ஊதியம்.

1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சத் தேவையை எண்ணிலேயே வரையறுத்தது. ஓர் உழைப்பாளரின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்வது, ஆள் ஒன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. 1991இல் உச்ச நீதிமன்றம், சென்னையில் தொழிற்சாலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் முதலியவற்றுக்கு மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. நம் மாணவர் கண்ணீரோடு எழுதிய தாயின் மருந்தும் தங்கையின் திருமணமும் இங்கே கருணைக்குரியனவாக இல்லை. ஊதியத்தின் கூறுகளாகவே இருக்கின்றன.

முன்பணத்துக்கும் சட்டம் விடை சொன்னது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. பசியின் கட்டாயமும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். 1948ஆம் ஆண்டின் சட்டத்தின் இடத்தில், 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

பதவி உயர்வின் நிலை சற்று வேறு. அரசுப் பணியாளருக்குப் பதவி உயர்வு பெறுவது அடிப்படை உரிமையன்று. அதற்குப் பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை என்பது 1999இல் அஜித் சிங் வழக்கில் தெளிவாக்கப்பட்டது. தனியார் நிறுவனத்தில் அவ்வுரிமையும் இல்லை. எனவே அங்கே செய்த வேலைக்கான சான்றுதான் ஒரே துணை.

மறுபக்கம்

முதலாளியின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. நிறைவுற்ற தோலுக்கு மாறப் பெருமுதல் தேவைப்பட்டது. சிறு ஷாப்புக்காரர் திணறினர். ஆற்றையும் கிணற்றையும் தோல் கழிவு கெடுத்த கொடுமை ஒருபுறம் வளர்ந்தது. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு அபராதம் விதித்துச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தைக் காக்க அத்தீர்ப்பு வேண்டியதே. ஆனால் மூடிய ஷாப்பின் வாயிலில் ஊதிய உயர்வு கேட்க இயலாது என்பதும் உண்மை.

'கொடுக்கும் திறன் இல்லை' என்பது மெய்யாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. குறைந்தபட்ச ஊதியம்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நிலைத்திருக்கும் உரிமை இல்லை என்று 1957இலேயே கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மேலுள்ள நியாய ஊதியத்தைப் பற்றித்தான் திறன் பேச்சு எழலாம். அதுவும் கணக்கைக் காட்டிப் பேச வேண்டிய பேச்சு.

மீண்டும் அந்தக் கடிதம்

நம் மாணவரின் கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. சேர்ந்தபோது ஒப்படைக்கப்பட்ட வேலை, இன்று செய்யும் வேலை, இடையில் ஏறிய சம்பளம், ஏறிய விலைவாசி, கேட்கும் பதவி, கேட்கும் தொகை, விடைக்கு ஒரு நாள். அவ்வளவே. 'மதிப்பிற்குரிய' என்பதை வைத்துக்கொண்டோம். மரியாதைக்கும் தாழ்மைக்கும் வேறுபாடு உண்டல்லவா. இதே நிலையில் இருந்த சக ஊழியர் இருவரும் தத்தம் விவரத்துடன் அதே நாளில் கொடுத்தனர். இரண்டு மாதம் கழித்துப் பதவி வந்தது; கேட்ட தொகையில் பாதி வந்தது. மீதியை அடுத்த ஆண்டு கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். திமிர் என்று எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

தாத்தா எவ்வளவு கூலி வாங்கினார் என்று அவரிடம் கேட்டோம். தெரியாது என்றார். கணக்கெல்லாம் ஷாப்புக்காரரின் பேரேட்டில் இருந்தது. தாத்தாவிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருந்ததில்லை. பேகம்பூரில் பல வீடுகளில் இதுவே நிலை. ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவர் எவரேனும் தோல் ஷாப்பிலோ சுருட்டுக் கம்பெனியிலோ உழைத்திருந்தால், என்ன கூலி, எத்தனை மணி வேலை, முதல் உயர்வை எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய சங்கத் துண்டறிக்கை கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.